நூற்றுப் பதினேழாம் உறை

வறுத்தலைவிளானில் கூரையில்லாத வீடு.
தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே
கூகை கக்கிய உருண்டைகள்,
மயிரும் எலும்பும் திரண்டு
தோல் உரிக்காத பாக்குப் போல.
இருபத்தாறு பொறுக்கினேன்.

வீட்டுக்காரி செல்வமலர்
கதியாலைப் பிடித்தபடி பார்த்து நின்றார்.
"காணி விட்டு அஞ்சு வருசம்.
இன்னும் அதுதான் குடியிருக்கு,
வாடகையும் இல்லை."
பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் தந்தார்.

"நீர் எந்த இடம், பிள்ளை?"
கோப்பாய்.
"கோப்பாயில எவடம்?"
சொன்னேன்.
"அப்ப, ஆற்றை ஆக்கள்?"

மூன்றே கேள்வி.
அந்த இடத்துக்கு வந்து சேர
எனக்கோ ஒரு தாடையும்
நாற்பது மடங்கு பெருக்கும் கண்ணாடியும் வேண்டும்.
பையின் வாயைக் கட்டி
அதன்மேல் திகதி எழுதினேன்.
மெதுவாக எழுதினேன்.

திருநெல்வேலி, ஆய்வுகூடம்.
வெந்நீரில் உருண்டை அவிழும்.
நாற்றம் பழகிவிட்டது.
இது மூஞ்சூறு:
மேற்கடைவாயில் சின்னப் பிள்ளை கீறிய மலைகள்.
பால்பல் விழுந்ததென்று அழ அதற்கு வாய்ப்பில்லை,
பிறக்குமுன்பே அவை கரைந்துபோகின்றன.
இது சுண்டெலி:
குமிழ்கள் மூன்று நிரை,
முதற் பல் ஒன்றே
பின்னிரண்டையும் சேர்த்ததிலும் நீளம்.
இவை சுலபம்.

நூற்றுப் பதினேழில்
பல்லுக்குக் குறுக்கே வரிகள்,
பாத்தி கட்டிய தோட்டம் போல.
பெருச்சாளிக் குட்டி என்று எழுதினேன்.
நூற்றிருபத்திரண்டிலும் பாத்தி. அதுவும் பெருச்சாளி.
மரம் வரைந்து
ஒரே கிளையில் இரண்டையும் உட்கார்த்தினேன்.
அழகான மரம்.
மூன்று கிழமை சுவரில் இருந்தது.

பிறகு ஒரு பின்னேரம்
117இன் அடியில் ஒட்டிக்கிடந்த முன்பல்.
ஊசி முனையில் உருட்டினால்
நெடுக ஒரு வாய்க்கால்.
பெருச்சாளியின் முன்பல்லில் அது இல்லை.
வெள்ளெலி.
வேறு வம்சம், வேறு வழி.
ஒரே மண்ணின் விதையையும் வேரையும்
அரைத்து அரைத்து
இருவரும் ஒரே ஆட்டுக்கல்லைக் கொத்தியிருக்கிறார்கள்.

சுவரிலிருந்து மரத்தைக் கழற்றினேன்.
பசை நாடா சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.

தட்டுகள் கழுவிக்கொண்டிருந்த அமலதாஸ் சிரித்தார்.
"முகாமில கல்லு மா திண்டு
எங்கள் எல்லாருக்கும் பல்லு
ஒரே மாதிரித்தான் தேய்ஞ்சது, தெரியுமே?
அங்க ஒருத்தரும் கேக்கேல்லை,
ஆற்றை ஆக்களெண்டு."
குழாயைப் பூட்டினார்.
கையைத் துடைத்தார்.
"இல்லை. கேட்டவை.
தண்ணி எடுக்கிற வரிசையில."

அதன்பின் மின்சாரம் போனது.
கிடுக்கியிலிருந்து அந்தப் பல் நழுவ,
கைபேசி வெளிச்சத்தில் முழந்தாளிட்டு
இருவரும் தரையைத் தடவினோம்.
அரிசிக் குறுணியிலும் சிறிது.
என் செருப்பின் அடியில் இருந்தது அது,
உடையாமல், கீறலோடு.
ஈர விரலில் ஒற்றி எடுத்தேன்.

மாசியில் மறுபடி வறுத்தலைவிளான்.
தாங்கிக்குக் கீழே பதினொன்றுதான்,
மழைக்குக் கரைந்தவை போக.
செல்வமலர் வந்தார்,
வெயிலைப் பற்றிப் பேசினார்,
கூகை குஞ்சு பொரித்ததைச் சொன்னார்.
கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.
தேத்தண்ணீர் தந்தார்,
இம்முறை கடதாசிக் கப்பில்.

இனிப்புக் கொஞ்சம் கூட.
முழுக்கக் குடித்தேன்.
உலுக்கிக் காயவிட்டு
இரண்டு உருண்டைகளை அதற்குள் வைத்தேன்.
அளவாகத்தான் இருந்தது.
வெளியே பேனையால்
இடம், திகதி, என் பெயர்.